அடைத்த வாசல் ஏன் விரிசல் விடுகிறது?

பழைய தெரு ஒன்றில் நடந்து செல்லும்போது சுவர்களைச் சற்றுக் கூர்ந்து பாருங்கள். வெள்ளையடித்த ஒரு சுவரில், ஆள் உயரத்துக்கு இரண்டு நெட்டுக் கோடுகளும், அவற்றின் தலையில் ஒரு படுக்கைக் கோடும் தெரியும். யாரோ பென்சிலால் ஒரு கதவை வரைந்துவிட்டுப் போனது போல் இருக்கும். அது ஓவியம் அன்று, விரிசல். ஒரு காலத்தில் அங்கே வாசல் இருந்தது. பிறகு அதைச் செங்கல் வைத்து அடைத்துப் பூசிவிட்டார்கள். எத்தனை முறை வெள்ளையடித்தாலும் அந்தக் கோடு மீண்டும் மீண்டும் வெளியே வந்துவிடும்.

ஏன் இப்படி? அடைத்த கொத்தனார் சரியில்லை என்று சொல்லிவிடுவது எளிது. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். கல்லூரியில் இயற்பியல் நடத்தும் எனக்கு, உண்மைக் காரணத்தை எங்கள் வீட்டுச் சுவரே கற்றுக் கொடுத்தது.

எங்கள் வீட்டுக் கதை

கும்பகோணத்துக்கு அருகே உள்ள எங்கள் வீடு சுண்ணாம்புச் சாந்தில் செங்கல் வைத்துக் கட்டிய பழைய வீடு. சுவர்களின் பருமன் 45 செ.மீ. பக்கத்துச் சந்தில் திறக்கும் வாசல் ஒன்று இருந்தது. நான் சிறுவனாக இருந்தபோது அந்தச் சந்து, வாசற்படிக்கு ஒரு சாண் கீழே கிடந்தது. பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதிய சாலை போட்டுப் போட்டு, கடைசியில் சந்து உயர்ந்து வாசற்படி பள்ளமாகிவிட்டது. மழை பெய்தால் தண்ணீர் நேரே வீட்டுக்குள் வந்தது. வாசலை அடைப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

2017 ஆம் ஆண்டு கோடையில் அடைத்தோம். வந்த கொத்தனார் எழுபதை நெருங்கும் முதியவர். அவர் சொன்னார்: "தம்பி, பழைய சுவருக்குச் சுண்ணாம்புதான் சேரும். மூணு நாள் விட்டு விட்டுக் கட்டுவோம்." நான் கேட்கவில்லை. வெளிச்சுவர் ஆயிற்றே, பலமாக இருக்க வேண்டாமா? ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு மணல் என்று கெட்டியான கலவையாகப் போடச் சொன்னேன். ஒரே நாளில் வேலையை முடிக்கவும் சொன்னேன்.

வெளிப்புறத்தை ஒட்டி 23 செ.மீ. பருமனில் செங்கல் கட்டினோம். உட்புறம் மிஞ்சிய பள்ளத்தில் பலகைகள் பொருத்தினால் அழகான அலமாரி. அதில் காலஞ்சென்ற என் தந்தையாரின் நாட்குறிப்புகளை அடுக்கி வைத்தோம்.

ஆடி மாதம் கதவின் வடிவில் விரிசல் கண்டது. மயிரிழை அளவுதானே என்று விட்டுவிட்டேன். ஐப்பசி மழை வந்தது. ஒரு நாள் அம்மா ஒரு நாட்குறிப்பை எடுத்தபோது, பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. இரண்டு ஆண்டுகளின் எழுத்து நீல நீராகக் கரைந்து போயிருந்தது.

மயிரிழை விரிசல் இவ்வளவு செய்யுமா? அதைப் பார்ப்பதற்கு முன், நான் முதலில் செய்த தவறு எது என்று பார்ப்போம். நான் தவறான கேள்வியைக் கேட்டேன் என்பதே அது. "அடைப்பு எவ்வளவு பலமாக இருக்க வேண்டும்?" என்று கேட்டேனே, அந்தக் கேள்வி.

மேலே உள்ள பாரம் எங்கே போகிறது?

நிலையைக் கழற்றிய அன்று அம்மா கேட்டார்: "நிலையை எடுத்துட்டா மேல் சுவர் இறங்கிடாதாடா?" நல்ல கேள்வி. வாசலுக்கு மேலேயும் சுவர் இருக்கிறது. அதற்கு மேல் கூரை இருக்கிறது. அந்தப் பாரத்தை எது தாங்குகிறது?

இதற்கு ஒரு சிறு சோதனை செய்யுங்கள். காலித் தீப்பெட்டிகளைச் செங்கல் சுவர் போல, ஒரு வரியின் இணைப்பு அடுத்த வரிப் பெட்டியின் நடுவில் வருமாறு, ஏழெட்டு வரி அடுக்குங்கள். இரு முனைகளிலும் கனமான புத்தகங்களை நிறுத்திச் சுவர் விலகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இப்போது அடி வரியில் நடுப்பெட்டியை மெல்ல உருவுங்கள். சுவர் முழுவதும் சரியாது. மிஞ்சிப் போனால், இடைவெளிக்கு மேலே முக்கோணம் போன்ற ஒரு பகுதியில் உள்ள சில பெட்டிகள் மட்டும் இறங்கும். மற்றப் பெட்டிகளின் எடை இடைவெளியைச் சுற்றிக்கொண்டு இரு பக்கத்துப் பெட்டிகளின் வழியே தரைக்குப் போய்விடுகிறது.

வீட்டுச் சுவரிலும் அப்படியே. அந்த முக்கோணப் பகுதியைத் தாங்கத்தான் வாசலின் தலையில் உத்தரமோ, செங்கல் வளைவோ வைக்கிறார்கள். தொங்கும் சங்கிலி ஒன்றைத் தலைகீழாகத் திருப்பினால் வரும் வடிவமே வளைவுக்குச் சிறந்த வடிவம் என்று ராபர்ட் ஹூக் 1675 ஆம் ஆண்டில் கண்டு சொன்னார். சங்கிலியில் எங்கும் இழுவிசை. வளைவில் எங்கும் அழுத்தம். அழுத்தத்தைத் தாங்குவதில் செங்கல் கெட்டிக்காரன். எங்கள் வாசலின் தலையில் வளைவு இருந்தது. ஆகவே நிலையைக் கழற்றியபோது மேல் சுவர் அசையவில்லை.

(எல்லா வீட்டிலும் வளைவு இருக்காது. சில வீடுகளில் மர உத்தரமே பாரத்தைத் தாங்கும். அதைப் பொறியாளர் பார்க்காமல் யாரும் தொடக்கூடாது.)

இப்போது ஒன்று புரிகிறது அல்லவா? வாசல் திறந்திருந்த காலம் முழுவதும் மேல் பாரம் அதன் இரு பக்கங்களின் வழியே இறங்கிப் பழகிவிட்டது. வாசலை அடைத்த பிறகும் அது அதே வழியில்தான் இறங்கும். புதிய அடைப்பு தாங்க வேண்டியது தன் சொந்த எடையை மட்டுமே.

அது எவ்வளவு? கணக்குப் போடுவோம். செங்கல் கட்டுமானத்தின் அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 1,900 கிலோகிராம். அடைப்பின் உயரம் 2 மீட்டர். அடி வரியில் அழுத்தம் = 1,900 × 9.8 × 2, அதாவது ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 37,000 நியூட்டன். இதையே ஒரு சதுர மில்லிமீட்டருக்குச் சொன்னால் 0.037 நியூட்டன். இந்தியத் தர நிர்ணயத்தின்படி மிகக் கீழ்த்தரமான சாதாரணச் செங்கல்லே ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 3.5 நியூட்டன் தாங்க வேண்டும். அடைப்பின் மேல் விழுவது அதில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு!

அப்படியானால் அந்தக் கெட்டியான சிமெண்ட் கலவை எதற்கு? ஒன்றுக்கும் தேவையில்லை. அடைப்புக்கு வேண்டியது பலம் அன்று. பழைய சுவரோடு ஒத்துப்போகும் குணம். அது இல்லாததால்தான் விரிசல் வந்தது.

விரிசல் ஏன் கதவின் வடிவில் வருகிறது?

பழைய சுவர் பல பத்தாண்டுகளுக்கு முன்பே அழுந்த வேண்டிய அளவு அழுந்தி, உலர வேண்டிய அளவு உலர்ந்துவிட்டது. புதிய சுவருக்கு அவை எல்லாம் இனிமேல்தான் நடக்க வேண்டும்.

ஒரு செங்கல் வரி, சாந்தையும் சேர்த்து 8 செ.மீ. என்றால், 2 மீட்டர் உயரத்துக்கு 25 வரிகள். ஆக, 25 சாந்துப் படுகைகள். மேலே ஏறும் ஒவ்வொரு வரியும் கீழே உள்ள ஈரச் சாந்தை அழுத்துகிறது. பிறகு சாந்து உலரும்போது சுருங்குகிறது. ஒவ்வொரு படுகையும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு இறங்கியது என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 25 × 0.1 = 2.5 மி.மீ. அடைப்பின் தலைக்கும் வளைவுக்கும் நடுவே அந்த அளவு இடைவெளி விழும். ஒரே நாளில் 25 வரிகளையும் ஏற்றி, அன்று மாலையே தலையையும் அடைத்துவிட்ட எங்கள் வேலையில் படுக்கை விரிசல் வந்தது இதனால்தான்.

நெட்டு விரிசல்களுக்கு வேறு காரணங்கள் உண்டு. வாசலின் பக்கங்களில் இருந்த பழைய பூச்சைக் கொத்தி எடுக்காமல், அதை ஒட்டியே புதிய செங்கல்லைக் கட்டினோம். இரண்டுக்கும் பிடிப்பே இல்லை. அதோடு வெயிலின் வேலை. செங்கல்லின் நீள் விரிவெண் ஒரு டிகிரி செல்சியசுக்கு ஏறத்தாழ பத்து இலட்சத்தில் 6 பங்கு. சிமெண்ட் சாந்துக்கு அது ஏறத்தாழ 11 பங்கு. காலையிலிருந்து பிற்பகலுக்குள் சுவரின் வெயில் முகம் 20 டிகிரி சூடேறினால், 2 மீட்டர் நீளத்தில் செங்கல் 0.24 மி.மீ. நீளும், சிமெண்ட் பூச்சு 0.44 மி.மீ. நீள விரும்பும். வேறுபாடு 0.2 மி.மீ. இது அற்பம்தான். ஆனால் நாள்தோறும் நீண்டு, நாள்தோறும் சுருங்குகிறது. இந்த இழுபறி, பிடிப்பு எங்கே குறைவோ அங்கேதான் தன் வேலையைக் காட்டும். புதியதும் பழையதும் சந்திக்கும் கோடுதான் அந்த இடம். ஆகவே விரிசல் கதவின் வடிவத்தை அப்படியே வரைந்துவிடுகிறது.

சிமெண்டை அதிகம் போட்டால் பிடிப்பு கூடாதா என்று கேட்பீர்கள். கலவை கெட்டியாக ஆக, சுருக்கமும் கூடுகிறது. இதை வீட்டிலேயே பாருங்கள். இரண்டு தகர மூடிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் வெறும் களிமண்ணைக் குழைத்து நிரப்புங்கள். மற்றதில் ஒரு பங்கு களிமண்ணுக்கு மூன்று பங்கு மணல் சேர்த்துக் குழைத்து நிரப்புங்கள். நிழலில் உலர விடுங்கள். வெறும் களிமண் சுருங்கி, ஓரத்தை விட்டு விலகி, வெடித்துக் கிடக்கும். மணல் சேர்ந்தது ஏறக்குறைய அப்படியே இருக்கும். சாந்தில் ஒட்டும் பொருள்தான் சுருங்குகிறது, மணல் சுருங்குவதில்லை.

மேலும், கெட்டிச் சாந்து வளைந்து கொடுக்காது. சுண்ணாம்புச் சாந்து மென்மையானது. அதில் அசைவு பல இணைப்புகளில் சிறிது சிறிதாகப் பங்கிடப்படும், கண்ணுக்குத் தெரியாது. கெட்டிச் சாந்தில் அசைவு முழுவதும் ஒரே கோட்டில் திரண்டு விரிசலாகிவிடும்.

மயிரிழை வழியே மழை

இனி நாட்குறிப்புகளுக்கு வருவோம். அகன்ற ஓட்டையில்தானே தண்ணீர் நுழையும்? மயிரிழை விரிசலில் எப்படி நுழைந்தது?

இரண்டு சிறிய கண்ணாடித் தகடுகளைச் சேர்த்து வையுங்கள். ஒரு பக்க ஓரங்கள் தொட்டுக்கொண்டிருக்கட்டும். மறுபக்க ஓரங்களுக்கு இடையில் ஓர் ஈர்க்குச்சியைச் செருகி, ரப்பர் வளையம் போடுங்கள். மை கலந்த தண்ணீர் உள்ள தட்டில் நெட்டாக நிறுத்துங்கள். தகடுகள் விலகியிருக்கும் பக்கம் தண்ணீர் சிறிதளவே ஏறும். தொட்டுக்கொண்டிருக்கும் பக்கம் விறுவிறு என்று உயரே ஏறும். இடுக்கு எவ்வளவு குறுகலோ, ஏற்றம் அவ்வளவு அதிகம். இதுவே நுண்புழை ஏற்றம். நுண்ணிய குழாய்களில் இந்த விதியை ஜேம்ஸ் ஜூரின் 1718 ஆம் ஆண்டில் விளக்கினார்.

தண்ணீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 0.072 நியூட்டன். இதை வைத்துக் கணக்கிட்டால், 1 மி.மீ. இடுக்கில் தண்ணீர் ஏறத்தாழ 1.5 செ.மீ. ஏறும். 0.1 மி.மீ. இடுக்கில் ஏறத்தாழ 15 செ.மீ. ஏறும். ஒரு காகிதத்தின் பருமன்தான் 0.1 மி.மீ! இது புவியீர்ப்பை எதிர்த்து ஏறும் அளவு. சுவரில் விரிசல் வெளியிலிருந்து உள்ளே கிடைமட்டமாகப் போகிறது. அங்கே புவியீர்ப்பு தடுப்பதில்லை. 23 செ.மீ. பருமனைக் கடப்பது தண்ணீருக்குப் பெரிய வேலையே அன்று. "மயிரிழைதானே" என்று நான் அலட்சியமாக விட்டது, தண்ணீரை உறிஞ்சும் திரியாகச் செயல்பட்டது.

இன்னொரு தீங்கும் நேர்ந்தது. பார்வைக்கு நன்றாக இருக்கட்டும் என்று அடைப்புக்கு இருபுறமும் பழைய சுவரில் ஓரடி அகலத்துக்கு வெளிப்புறம் சிமெண்ட் பூசியிருந்தேன். அடுத்த சில மாதங்களில் அதற்கு நேர் உட்புறம் சுண்ணாம்புப் பூச்சு பொரிந்து, வெள்ளை உப்புப் பூத்தது. காரணம் இதுதான். பழைய சுவரின் அடியிலிருந்து எப்போதும் சிறிது ஓதம் ஏறிக்கொண்டுதான் இருக்கும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை ஆவியாக வெளியே விட்டுவிடும். கெட்டியான சிமெண்ட் பூச்சோ அந்த வழியை அடைத்துவிடும். ஓதம் உட்புறமாகத் திரும்பி, அங்கே ஆவியாகும். கரைந்து வந்த உப்பு படிகமாகும்போது பூச்சைத் தள்ளி உதிர்க்கும்.

இரண்டாம் முறை

2018 கோடையில் அதே முதியவரிடம் போனேன். "சொன்னேனே தம்பி" என்று அவர் சொல்லவில்லை. கரணையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அவர் செய்ததையும், அதன் காரணத்தையும் வரிசையாகச் சொல்கிறேன்.

பழைய அடைப்பை எடுத்துவிட்டு, வாசலின் பக்கங்களில் இருந்த பூச்சைக் கொத்திச் செங்கல் தெரியும் வரை சுத்தம் செய்தார். மூன்று வரிக்கு ஒரு குழி வீதம் பழைய சுவரில் வெட்டினார். புதிய செங்கல்லின் முனைகள் பல் போல அந்தக் குழிகளில் நுழைந்து உட்கார்ந்தன. இப்போது நேர்க்கோட்டு இணைப்பு இல்லை; இரண்டு கைகளின் விரல்களைக் கோத்தது போன்ற பிணைப்பு.

சாலை மட்டத்துக்குக் கீழே எப்போதும் ஈரம். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை ஏற்றுக் கால்சியம் கார்பனேட்டாக மாறித்தான் சுண்ணாம்பு இறுகும். ஈரத்தில் மூழ்கிய இடத்தில் அது நடக்காது. ஆகவே அங்கே மட்டும் சிமெண்ட் சாந்து. தண்ணீரோடு வினை புரிந்து இறுகும் சிமெண்டுக்கு அதுவே தக்க இடம். சாலைக்கு மேல் 15 செ.மீ. உயரத்தில் ஒரு கான்கிரீட் படுகை போட்டு அதன் மேல் தார் பூசினார். புதிய அடைப்பில் ஓதம் அதைத் தாண்டி ஏறாது.

அதற்கு மேல் ஒரு பங்கு சிமெண்ட், இரண்டு பங்கு சுண்ணாம்பு, ஒன்பது பங்கு மணல் கலந்த மென்மையான சாந்து. செங்கற்களைத் தொட்டியில் போட்டு, நீர்க்குமிழி நிற்கும் வரை ஊற வைத்தார். சாதாரணச் செங்கல் தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை தண்ணீர் குடிக்கக்கூடியது. உலர்ந்த செங்கல்லை வைத்தால், சாந்து இறுகுவதற்கு வேண்டிய நீரை அது உறிஞ்சிவிடும்.

நாளைக்கு எட்டு வரிதான். கீழ் வரிகள் இறுகிய பிறகே மேல் வரிகள். வளைவுக்குக் கீழே ஒரு விரற்கடை இடைவெளியைப் பத்து நாள் அப்படியே விட்டு வைத்தார். சுவர் தன் இறக்கத்தை முடித்துக்கொள்ளட்டும் என்பதற்காக. அதுவரை ஈரச் சாக்கு போர்த்தி வைத்தோம். பிறகு அதிகம் நீர் சேர்க்காத சாந்தையும் ஓட்டுச் சில்லுகளையும் இடுக்கில் இறுகத் திணித்தார். மேற்பூச்சு ஒரு மாதம் கழித்து, சுண்ணாம்பில்.

2020 டிசம்பரில் புரெவிப் புயல் வலுவிழந்து மன்னார் வளைகுடாவில் நிலைகொண்டபோது, காவிரிப் படுகை மாவட்டங்களில் நாள்கணக்கில் கனமழை பெய்தது. ஒவ்வொரு காலையும் அம்மா அலமாரியின் பின்சுவரைத் தொட்டுப் பார்த்தார். உலர்ந்தே இருந்தது. பழைய சுவரின் அடியில் ஓதம் இன்னும் ஏறத்தான் செய்கிறது. அதை ஓர் அடைப்பால் நிறுத்த முடியாது. மிஞ்சிய நாட்குறிப்புகள் மீண்டும் அதே அலமாரியில் இருக்கின்றன. கரைந்த இரண்டு ஆண்டுகள் கரைந்தவையே.

நீங்கள் செய்யக்கூடியது

சுவரை இடிப்பதோ கட்டுவதோ உங்கள் வேலை அன்று. ஆனால் ஆராய்ச்சி செய்யலாம். வீட்டிலோ பள்ளியிலோ ஒரு விரிசலைத் தேர்ந்தெடுங்கள். அதன் இரு முனைகளிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். விரிசலின் குறுக்கே மெல்லிய காகிதப் பட்டை ஒன்றை இழுத்து ஒட்டுங்கள். மாதம் ஒரு முறை பாருங்கள். பட்டை கிழிந்தாலோ, விரிசல் பென்சில் கோட்டைத் தாண்டினாலோ, சுவர் இன்னும் அசைகிறது என்று பொருள். உடனே பெரியவர்களிடம் சொல்லுங்கள். பொறியாளர்களும் விரிசலின் குறுக்கே கண்ணாடித் துண்டுகளை ஒட்டி இப்படித்தான் பார்ப்பார்கள்.

ஒரு கேள்வியோடு முடிக்கிறேன். எங்கள் புதிய அடைப்பைச் செங்கல்லுக்குப் பதிலாக ஒரே பெரிய கருங்கல் பலகையால் மூடியிருந்தால், விரிசல் வந்திருக்குமா? வந்திருந்தால் எந்த இடத்தில்? இதுவரை படித்ததை வைத்து யோசித்துப் பாருங்கள்.